அத்தை வைத்த பெயர்

நம் வயதுக்காரர்களுக்கு இப்போது புதிதாக ஒரு வேலை வந்து சேர்ந்திருக்கிறது. பேரப்பிள்ளை பிறந்துவிட்டால் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் உட்கார்ந்து பெயர் தேட வேண்டும். வாயில் நுழையாத பெயர்களாகப் பிள்ளைகள் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். நாமும் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, எழுத்துக்கூட்டி வாசித்து, கடைசியில் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பி வைப்போம். அர்த்தம் என்னம்மா என்று கேட்டால், கீழேயே போட்டிருக்கு பாருங்க என்பார்கள். பார்த்தால் பாதிப் பெயருக்கு லட்சுமி, மீதிப் பெயருக்கு நிலா. இதைக் கண்டுபிடிக்கவா இவ்வளவு பாடு?

போன வாரம் எங்கள் குழுவிலும் இந்த அமளி நடந்தது. எனக்கோ சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒரு கோடைக்காலம் முழுக்க ஒரே ஒரு பெயருக்காக நடந்த சண்டை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. சத்தம் போட்டுப் போட்ட சண்டை இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், காப்பி டம்ளரைக் கொஞ்சம் அழுத்தி வைத்துப் போட்ட சண்டை. அந்த மாதிரிச் சண்டை உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை. ராஜபாளையத்தில் மில் தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு வளவில் எங்கள் வீடு. அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். கையில் சில நாள் காலி கோன்கள் இருக்கும், நூல் சுற்றும் அட்டைக் கோன்கள். பச்சை, ரோஸ், மஞ்சள் என்று வரி போட்டவை. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி நானும் அக்காவும் கோபுரம் கட்டுவோம். வாயில் வைத்து ஊதினால் மில் சங்கு போலவே சத்தம் வரும். எந்த வீடு மாறும்போது அவை போயினவோ தெரியவில்லை. உங்கள் பரணில் ஒன்று கிடந்தால் சொல்லி அனுப்புங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அந்தச் சித்திரையில்தான் அம்மாவுக்கு மூன்றாவது குழந்தை பிறந்தது. அக்கா, நான், இப்போது இதுவும் பெண். அம்மாவுக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆனால் அங்கே பிரசவம் பார்க்க ஆள் யாரும் மிச்சமில்லாததால் ராஜபாளையத்து ஆஸ்பத்திரியிலேயே ஆயிற்று. கூடவே இருந்து பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து நாங்களும் அவளைப் பெத்தம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஜாதகம் எழுதுவதற்காகப் பெத்தம்மா நர்ஸிடம், "சிஸ்டர், பாப்பாவுக்கு என்ன நட்சத்திரம்?" என்று கேட்டாள்.

"நட்சத்திரமா? நான்தான்" என்றாள் நர்ஸ்.

பெத்தம்மா முழித்தாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே, தன் பெயர் ஸ்டெல்லா என்றும், அது லத்தீன் பாஷை என்றும், அந்தப் பாஷையில் ஸ்டெல்லா என்றால் நட்சத்திரம் என்றும் சொன்னாள். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பெயருக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் வகுப்பில் லட்சுமி என்று கூப்பிட்டால் பாதிப் பெஞ்சு எழுந்து நிற்கும். என் பெயரும் அந்த ரகம்தான், அதற்குமேல் கேட்காதீர்கள். நாங்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது நர்ஸ் அம்மாவிடம், "தையல் பிரிக்க மறக்காம வாங்க, வெயிட் தூக்கிராதீங்க" என்று மெல்லிய குரலில் சொன்னாள். அம்மா எங்களைப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாளே கூமாப்பட்டியிலிருந்து அத்தை வந்து இறங்கினாள். அப்பாவுக்கு அக்கா. தாயில்லாத அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. வரும்போதெல்லாம் சிவப்பும் வெள்ளையும் கலந்து பின்னிய வயர்க்கூடை நிறையத் தேங்காயும் மாங்காயும் கொண்டுவருவாள். கூடையை இறக்கிவிட்டுக் குழந்தையை வாங்கி முகர்ந்தாள்.

"மூக்கப் பாரு, எங்க அப்பன் மூக்கு. பேருக்கு ஒண்ணும் நீங்க மண்டைய ஒடைக்க வேண்டாம். எம் பேரையே வச்சிருவோம்."

அத்தையின் பெயர் போதும்பொண்ணு.

நம் பக்கத்தில் இந்தப் பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்காது. வரிசையாகப் பெண்ணாகவே பிறந்தால், பெண் போதும் சாமி, அடுத்ததைப் பையனாகக் கொடு என்று கேட்டு, கடைசிப் பெண்ணுக்கு இந்தப் பெயரை வைப்பார்கள். அத்தைக்கு அது குறையாகத் தோன்றியதே இல்லை. "எனக்கு இந்தப் பேர வச்சாக, எனக்கு அடுத்தாப்புல உங்கப்பன் வந்துட்டான்லா? எம் பேரு காரியஞ்செஞ்ச பேருட்டி" என்று எங்களிடம் மார்தட்டுவாள். அப்பாவைத் தானே வரவழைத்துக் கொண்டுவந்த மாதிரி ஒரு நிமிர்வு அவள் கழுத்தில் எப்போதும் இருக்கும்.

எங்கள் வீட்டு வழக்கத்தில் பெயர் வைக்கும் உரிமை அத்தைக்குத்தான். குழந்தையை மடியில் வைத்து அதன் காதில் அவள் மூன்று தரம் எந்தப் பெயரைச் சொல்கிறாளோ அதுதான் பெயர். சொன்னதை மாற்றக் கூடாது. நல்ல நாள் பார்த்து வைகாசியில் வைப்பதாகப் பேசிவிட்டு அத்தை பஸ் ஏறிப் போனாள். அவள் தலை மறைந்ததும் அம்மா அப்பாவிடம் சொன்னாள்:

"எம் புள்ளைய வாழ்க்கை பூரா வேண்டாம் வேண்டாம்னு கூப்பிட எனக்கு வாய் வராது. நீங்க மதினிகிட்டச் சொல்லுங்க."

"அக்காகிட்டயா? நான் எப்படிச் சொல்ல?" என்றார் அப்பா. மில்லில் சூப்பர்வைசரிடம் எதிர்த்துப் பேசி மெமோ வாங்கியவர், அக்காவிடம் மட்டும் சின்னப் பையனாகிவிடுவார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதைப் பார்த்த நானும் அக்காவும் ஒரு முடிவுக்கு வந்தோம். பெரியவர்களால் ஆகாது. அத்தையே மயங்கிப்போகிற மாதிரி ஒரு பெயரை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கூடம் லீவு, வேறு வேலையும் இல்லை.

முதலில் வளையல்கடைக்காரர் மகளிடம் போனோம். என் வகுப்புத் தோழி. கடையின் பின்கட்டில் உடைந்த கண்ணாடி வளையல்களை நெருப்பில் காட்டி வளைத்துச் சங்கிலி கோத்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் நூர்ஜகான். நூர் என்றால் வெளிச்சம், ஜகான் என்றால் உலகம், தன் அத்தா சொல்லியிருக்கிறார் என்றாள். சொல்லி வாயை மூடவில்லை, கடையில் கரண்ட் போய்விட்டது. "உலகத்துக்கே வெளிச்சம், கடைக்கு மட்டும் இருட்டா?" என்று அக்கா கேட்க, மூன்று பேரும் இருட்டுக்குள் வளையல் கொட்டிப்போகிற அளவுக்குச் சிரித்தோம்.

பிறகு பெத்தம்மா. அவளுக்குப் பங்காரம்மா என்று பெயர். தெலுங்கில் பங்காரு என்றால் தங்கம். வெயிலுக்கு மோர் ஊற்றிக் கொடுத்து, "சாலா?" என்று கேட்பாள். நாங்களும் அவளைப் போலவே கையை நீட்டி மறித்து, "சாலு, சாலு" என்போம். அவளுக்கு வார்த்தையை வைத்து விளையாடுவது என்றால் மோரைவிடப் பிடிக்கும். அம்மாவின் பெயர் கோதை. ஆண்டாள் பிறந்த ஊர்க்காரி என்பதால் வைத்த பெயர், தமிழில் பூமாலை என்று அர்த்தம். நாக்கைக் கொஞ்சம் மடக்கிச் சொன்னால் தெலுங்கில் 'கோட' ஆகிவிடுமாம். கோட என்றால் சுவர். "உங்க அப்பா மாலைன்னு நெனச்சுக் கட்டிக்கிட்டாரு. பாவம், செவுரு" என்று பெத்தம்மா அம்மாவை வம்புக்கு இழுப்பாள். படுக்கையில் இருந்தபடி அம்மாவும் சிரிப்பாள். அந்த நாட்களில் அம்மா சிரித்தது அப்போது மட்டும்தான்.

அத்தை மறுபடி வந்தபோது எல்லாப் பெயரையும் அவள் முன்னால் கடை பரப்பினோம்.

"நட்சத்திரமா? எட்டாத ஒசரத்துல கெடந்து மினுக்கி என்னத்துக்கு?" என்றாள் அத்தை.

"அப்ப வெளிச்சம் அத்தை?"

"கரண்டு பில்லு யாரு கெட்டுவா, நீயா?"

"தங்கம்?"

"போதும்ட்டி. ஒரு கஷ்டம்னா மொதல்ல அடகுக்குப் போறது அதுதான்."

"அம்மா மாதிரி மாலைன்னு வைக்கலாம்லா?"

"சாயங்காலம் வாடிரும்." சொல்லிவிட்டு உள்ளே படுத்திருந்த அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள். "எம் பேருக்கு வாட்டமும் கெடையாது, அடகும் கெடையாது. வேலை செய்யும்."

நாங்கள் தோற்றுப்போய்க் கோன் கோபுரத்தை உதைத்துத் தள்ளினோம். அப்புறம் அக்கா தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். அவள் வகுப்பில் மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பெண் இருந்தாள். மூடினால் காந்தம் போல் ஒட்டிக்கொள்ளும் பென்சில் டப்பா வைத்திருந்த பெண். பெயர் ஷாலினி. சமஸ்கிருதம், அடக்கமானவள் என்று அர்த்தம். பென்சில் டப்பாவின் பெருமையும் சேர்ந்து அந்தப் பெயர் எங்களுக்கு உலகத்திலேயே அழகான பெயராகிவிட்டது. அம்மாவிடம் சொன்னோம். அம்மா உதட்டுக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. உங்க அத்தை விடணுமே" என்றாள்.

பெயர் வைக்கும் நாளுக்கு முதல் நாள் மத்தியானமே அத்தை வந்துவிட்டாள். எங்களை வரிசையாக உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்தாள். அவள் உள்ளங்கையில் தேங்காய் நார் மாதிரி ஒரு சொரசொரப்பு. அக்காவின் முறை வந்தபோது அவள் குனிந்த தலையோடேயே பேச்சை ஆரம்பித்தாள்.

"அத்தை, எங்க கிளாஸ்ல ஒரு போதும்பொண்ணு இருக்கா."

"அப்படிச் சொல்லு."

"யாராவது பாடம் வாசிக்கையில டீச்சர் 'போதும்'னு சொல்லுவாங்க. உடனே அவ எந்திரிச்சு நிப்பா. தன்னத்தான் கூப்பிடுதாகன்னு."

அத்தையின் விரல்கள் நின்றன. "பொறவு?"

"டீச்சர் சிரிப்பாங்க. எல்லாரும் சிரிப்போம்."

"அந்தப் புள்ள?"

"அவளுந்தான் சிரிப்பா."

எண்ணெய் அக்காவின் நெற்றியில் வழிந்து இறங்கியது. அத்தை முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, "நானுந்தான் சிரிச்சேன்" என்றாள்.

அவ்வளவுதான். அத்தை மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டாள் என்று அப்பா ஒரு தடவை சொல்லியிருக்கிறார். மாடு மேய்க்க ஆளில்லை என்பதால் நிறுத்தியதாகத்தான் வீட்டில் பேச்சு. அன்றைக்கு நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. மாடு மட்டும்தான் காரணமா என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.

மறுநாள் காலையில் வளவு முழுக்க எங்கள் வீட்டில்தான். அம்மாவின் கல்யாணப் புடவையில் தொட்டில் கட்டியிருந்தது. குழந்தையின் கையில் வசம்பு வளையல். அந்தக் காட்டமான வாசனையும் பாயசத்து ஏலக்காய் வாசனையும் கலந்து வீடு மூச்சு முட்டியது. அத்தை புதுச்சேலை சரசரக்கக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். தாலிச் சரட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அப்பா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏட்டி பெரியவளே, நீங்க பாத்து வச்சிருக்க பேரு என்ன?"

கண்ணைத் திறந்தேன். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் கத்தினேன். "ஷாலினி!"

"சா... வாயில நொழைய மாட்டேங்கு. சரி." அத்தை குனிந்தாள். குழந்தையின் காதில் நிதானமாகச் சொன்னாள்: "சாலினி. சாலினி. சாலினி."

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஓடி வந்து, "மதினி!" என்று அத்தையின் கையைப் பிடித்தாள். அத்தை அதைக் கண்டுகொள்ளாதவள் போலக் குழந்தையைத் தூக்கி ஆட்டினாள். "அம்மாடி, நெதம் இம்புட்டு நீளமா யாரு கூப்பிட? சாலு! ஏ சாலு! என் சாலுக்குட்டி!"

பெத்தம்மா அப்போதுதான் பாயசத்தை வாயில் ஊற்றியிருந்தாள். அது மூக்கு வழியாக வந்துவிட்டது. இருமலும் சிரிப்புமாக அவள் தரையில் உட்கார்ந்தே விட்டாள்.

"என்னத்துக்குச் சிரிக்கீக?" என்றாள் அத்தை முறைத்தபடி.

"இல்லக்கா... சாலுன்னா... எங்க பாஷைல சாலுன்னா போதும்!"

பெத்தம்மா வீட்டு மோர் டம்ளருக்கு மேல் தினம் தினம் நாங்கள் சொன்ன வார்த்தை. குடிக்கிற மோரோடு சேர்ந்த வார்த்தை பெயரோடு வந்து நிற்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அத்தையின் முகம் மெல்ல மலர்ந்தது. "அட! எம் பேரா? தெலுங்குல எம் பேரா?" என்று கேட்டுக் கேட்டுக் குழந்தைக்கு முத்தம் கொடுத்தாள். "விட்டுக் குடுத்தாலும் போக மாட்டேங்கே! பாருங்க, அடுத்த வருசம் இந்தத் தொட்டில்ல பையன் கெடப்பான்."

அம்மாவின் முகம்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கைக்கு வந்தது நழுவிப்போன முகம்.

"இனி யாரும் பொறக்க மாட்டாக மதினி" என்றாள்.

"என்ன பேச்சு இது?"

"ஆஸ்பத்திரியிலயே ஆபரேசன் பண்ணிட்டேன். இவிய கையெழுத்துப் போட்டாக. மூணு புள்ளைக போதும்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம்."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். "ஏலே, நெசமா?"

"ஆமாக்கா" என்றார் அப்பா. தன் அக்காவின் கண்ணைப் பார்த்து அவர் பேசி நான் கண்டது அன்றுதான் முதல் தடவை.

அத்தை கத்துவாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். கத்தவில்லை. குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஒரு ஆட்டு ஆட்டினாள். வயர்க்கூடையை எடுத்தாள். இலை போடப் போகிறோம் என்று பெத்தம்மா தடுத்தும் கேளாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டாள்.

வைகாசி போயிற்று, ஆனி போயிற்று, அத்தை வரவில்லை. கோபம், இனி இந்த வாசலை மிதிக்க மாட்டாள் என்று அம்மா நம்பினாள். பெத்தம்மா, "நான் வாயை மூடிக்கிட்டுப் பாயசம் குடிச்சிருக்கலாம்" என்று நாளுக்கு ஒரு தடவை சொன்னாள். அப்பா இரண்டு தடவை கூமாப்பட்டிக்குப் போனார். மாமாதான் பேசினாராம், அத்தை தண்ணீர் கொடுத்துவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டாளாம். அவர்கள் நினைத்த கோபம் அது இல்லை என்று இந்த வயதில் எனக்குப் படுகிறது. ஒரே ஒரு காரியம் செய்த பெயர் என்று அத்தை ஆயுசு முழுக்க நிமிர்ந்து நடந்தாள். அந்தப் பெயர் கொண்டுவந்த தம்பியே அந்தப் பெயருக்கு இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டான். அதை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? இதற்கிடையில் குழந்தையை நாங்கள் வேறு எப்படிக் கூப்பிட்டுப் பார்த்தாலும் அது திரும்பவில்லை. சாலு என்றால் திரும்பியது.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். அம்மாவின் ஊர்த் தேர், எந்த வருஷமும் விட மாட்டாள். ரத வீதியில் வெயில் கொதித்தது. பால்கோவாக் கடைகளின் தீய்ந்த பால் வாசனை, மிதிபட்ட துளசி, வடம் பிடிக்க நின்ற ஆட்களின் வேர்வை. அந்தக் கூட்டத்தில் அம்மாவின் தோளில் கிடந்த குழந்தையைப் பின்னாலிருந்து ஒரு கை வாங்கியது. அம்மா பதறித் திரும்பினாள். அத்தை நின்றாள். குழந்தையின் முகத்தை முந்தானையால் துடைத்து, தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். கீழே வயர்க்கூடை, நிறையத் தேங்காய். எங்களைத் தேடிக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

கூட வந்த கூமாப்பட்டிக்காரி ஒருத்தி எங்கள் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"மூணும் பொட்டப்புள்ளையா? போதும்பொண்ணு, உன் பேரக் கடைசிக்கு வச்சிருக்கலாம்லா?"

"வச்சாச்சு. தெலுங்குல வச்சிருக்கேன்" என்றாள் அத்தை.

"அப்பச் சரி. அடுத்தது பையன்தான்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை அவரைக் கையமர்த்தினாள்.

"அடுத்தது கெடையாது" என்றாள், பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படியாக. "எங்களுக்குப் பொண்ணு போதும்."

தன் பெயரைத்தான் திருப்பிப் போட்டுச் சொன்னாள். அம்மா முந்தானையை வாயில் வைத்து விசும்ப ஆரம்பித்தாள். அதற்குள் வேட்டு வெடித்தது, வடம் இறுகியது, தேர் ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது.

"என்னட்டி கோதை அழுதுக்கிட்டு? தேரப் பாரு" என்று அம்மாவை அதட்டிவிட்டு, அத்தை குழந்தையைத் தலைக்கு மேலே உயரத் தூக்கிக் காட்டினாள்.